அகலம் குறைந்த கப்பல்: வாலெட்டாவிலிருந்து பிரேயஸ் வரை எட்டு நாள்

முதல் நாள்: வாலெட்டா

மால்டாவின் வாலெட்டாவில் ஏற வேண்டும். சிசிலியின் சிரகூசா, லிபாரித் தீவு, ஸ்ட்ரோம்போலி எரிமலை, ஒரு முழு நாள் வெறும் கடல், பிறகு டெல்ஃபி, கொரிந்த் கால்வாய், நாஃப்பிலியோ, மொனெம்வாசியா என்று போய், ஏதென்ஸின் துறைமுகமான பிரேயஸில் இறங்க வேண்டும். இதுதான் பாதை. நேரம் செப்டம்பர் கடைசி வாரம். கடல்நீர் இன்னும் குளிக்கும் சூட்டில் இருக்கும். ஜூலை, ஆகஸ்டில் ஈஜியன் கடலைப் புரட்டி எடுக்கும் மெல்டெமி என்ற வாடைக்காற்றும் அடங்கத் தொடங்கியிருக்கும்.

இந்தப் பாதையில் ஓடும் கப்பல்கள் பயணிகள் நூறு முதல் நூற்றைம்பது பேர் வரை ஏறக்கூடியவை. அகலம் 15 மீட்டரை ஒட்டி, தண்ணீருக்குள் அமிழும் ஆழம் நாலைந்து மீட்டர். கேபின் 17, 18 சதுர மீட்டர் இருந்தால் அதிகம். மூவாயிரம் பேர் போகும் பெரிய கப்பலில் இதே காசுக்கு இரண்டு அறைகளும் பால்கனியும் கிடைக்கும். அப்படியானால் எதற்கு இவ்வளவு விலை? 15 மீட்டர் அகலத்துக்குத்தான். அது எங்கெல்லாம் உதவுகிறது, எங்கே வயிற்றைப் புரட்டுகிறது என்பது ஒவ்வொரு நாளும் தெரியவரும்.

முதலில் விசா. மால்டா, இத்தாலி, கிரேக்கம் மூன்றுமே ஷெங்கன் நாடுகள். அதிக நாள் தங்குவது கிரேக்கத்தில் என்பதால் இந்திய, இலங்கைப் பாஸ்போர்ட்காரர்கள் கிரேக்கத் தூதரகம் வழியாக விண்ணப்பிக்க வேண்டும். விமானம் மால்டாவில் இறங்குகிறதே என்று மால்டாவுக்கு விண்ணப்பித்து, நிராகரிக்கப்பட்டுத் திரும்புவோர் உண்டு. 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு கட்டாயம். கடலில் அதைவிட முக்கியமானது நோயாளியைக் கப்பலிலிருந்து கரைக்குக் கொண்டுபோகும் செலவையும் அது ஏற்கிறதா என்பது. பாதையில் துருக்கியோ மாண்டினீக்ரோவோ இருந்தால் பலமுறை நுழையும் விசா வாங்க வேண்டும். ஒருமுறை விசாவோடு வந்தால் திரும்ப ஏறவே விடமாட்டார்கள்.

விமானத்தில் ஒரு நாள் முன்னதாக வந்து சேர்வது நல்லது. பெட்டி ஒரு விமானம் பின்தங்கினால், கப்பல் அதற்காக நிற்காது. அடுத்த துறைக்கு ஏஜென்ட் மூலம் அனுப்புவார்கள், ஆனால் இரண்டு நாளாவது ஆகும். மாற்றுடையும் மருந்தும் கைப்பையில் இருக்கட்டும். மால்டாவில் பிளக் பிரிட்டிஷ் மூன்று கால் வகை. கப்பலில் பெரும்பாலும் ஐரோப்பிய உருண்டை இரண்டு கால். இரண்டுக்கும் அடாப்டர் வேண்டும்.

கப்பல் நிற்பது நகரத்தின் அடிவாரத்தில். அங்கிருந்து கடலோரமாகப் பத்துப் பதினைந்து நிமிடம் நடந்தால் பர்ராக்கா லிஃப்ட். 58 மீட்டர் உயரத்தை ஒரே மூச்சில் ஏற்றி, மேல் பர்ராக்கா தோட்டத்தில் விட்டுவிடும். அதன் கீழ்த்தட்டில் உள்ள பீரங்கி மேடையில் நண்பகல் 12 மணிக்கும் மாலை 4 மணிக்கும் ஒரு குண்டு வெடிப்பார்கள். கப்பலேறும் நேரம் வழக்கமாக 1 மணிக்குத் தொடங்கும் என்பதால் 12 மணி வெடியே வசதி.

அரை நாள்தான் இருக்கிறதென்றால் புனித ஜான் இணைப் பேராலயம் ஒன்று போதும். 1565இல் ஆட்டோமன் முற்றுகையைத் தாக்குப்பிடித்த புனித ஜான் சபையின் வீரத்துறவிகள் மறு ஆண்டே இந்த நகரத்தைக் கட்டத் தொடங்கினார்கள். அவர்களுடைய கல்லறைப் பலகைகள்தான் ஆலயத்தின் தரை, வண்ணச் சலவைக்கல்லில். ஊசிக் குதிகால் செருப்புக்கு அனுமதி இல்லை. பக்க மண்டபத்தில் கரவாஜோ 1608இல் வரைந்த ‘திருமுழுக்கு யோவானின் தலைவெட்டு’ ஓவியம், ஐந்து மீட்டருக்கு மேல் அகலம். அவர் கையெழுத்திட்ட ஒரே ஓவியம் இது. கையெழுத்து எங்கே என்று தேடினால், வெட்டுண்ட கழுத்திலிருந்து வழியும் ரத்தத்தில் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை சுற்றுலாப் பார்வை கிடையாது. ஞாயிறன்று ஏறும் பயணத்தில் பலர் கோட்டை விடுவது இதைத்தான்.

புறப்படுமுன் பாதுகாப்புப் பயிற்சி. ஏழு குறுகிய சங்கு, ஒரு நீண்ட சங்கு கேட்டால் உங்கள் கூடுமிடத்துக்குப் போக வேண்டும். இதை யாரும் தட்டிக்கழிக்க முடியாது, ஆள் எண்ணி முடிக்காமல் கயிறு அவிழ்ப்பதில்லை. பாஸ்போர்ட்டைக் கப்பலிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள், அதன் படநகல் ஒன்று கையில் இருக்கட்டும். கப்பல் வெளியேறும்போது வாலெட்டா இடப்பக்கம் வரும், எதிர்க்கரைக் கோட்டைகள் வலப்பக்கம். மாலை வெளிச்சத்தில் நகரச் சுவர்களைப் படமெடுக்க இடப்பக்க மேல்தளத்தில் முன்கூட்டியே இடம் பிடியுங்கள்.

இரண்டாம் நாள்: சிரகூசா

இரவில் எண்பது, தொண்ணூறு கடல் மைல். காலையில் கப்பல் சிரகூசாவின் பெரிய வளைகுடாவுக்குள் நுழைந்து ஒர்திஜியா தீவையொட்டிக் கட்டுகிறது. பலகையில் இறங்கினால் பழைய நகரம் நடை தூரம்தான். பெரிய கப்பல்கள் பெரும்பாலும் கட்டானியாவில் நின்று, பயணிகளை ஒரு மணி நேரத்துக்கு மேல் பேருந்தில் அனுப்புகின்றன. குறைந்த அகலத்தின் முதல் பயன் இது.

இறங்குமுன் மேல்தளத்தில் நின்று வளைகுடாவை ஒருமுறை சுற்றிப் பாருங்கள். கி.மு. 413இல் ஏதென்ஸின் கடற்படை அழிந்தது இந்தத் தண்ணீரில்தான். வளைகுடாவின் வாய் ஒரு கிலோமீட்டருக்குச் சற்றே அதிகம். சிரகூசாக்காரர்கள் படகுகளை வரிசையாகச் சங்கிலியால் கட்டி அதை அடைத்தார்கள். வெளியேற முடியாமல் தரைவழி ஓடிப் பிடிபட்டவர்களைக் கல்குவாரிகளில் அடைத்தார்கள், ஏழாயிரத்துக்குக் குறையாதவர்கள் என்று கிரேக்க வரலாற்றாசிரியர் துசிடிடீஸ் எழுதியிருக்கிறார். அந்தக் குவாரிகள் இன்று நியாபோலிஸ் தொல்லியல் பூங்காவில் எலுமிச்சை மரங்களோடு குளுகுளுவென்று இருக்கின்றன. குகை ஒன்று காது வடிவில், 23 மீட்டர் உயரத்தில். அதற்கு ‘தியொனீசியஸின் காது’ என்று பெயர் வைத்தவர் நேற்றுப் பார்த்த கரவாஜோ. மால்டாவில் சிறைவைக்கப்பட்டு, தப்பி, 1608இல் இங்கேதான் வந்து சேர்ந்தார்.

பூங்காவுக்குத் துறையிலிருந்து இரண்டரை கிலோமீட்டர். காலை முதல் வேலையாக டாக்ஸியில் போய்விட்டு, வெயில் ஏறியதும் ஒர்திஜியாவின் நிழல் சந்துகளுக்குத் திரும்புவதுதான் சரியான வரிசை. பாறையில் செதுக்கிய கிரேக்க அரங்கில் கோடையில் நாடகவிழா நடக்கும். அப்போது கல்லிருக்கைகளைப் பலகையால் மூடிவிடுவார்கள். செப்டம்பர் கடைசியில் கல்லைக் கல்லாகவே பார்க்கலாம்.

பேராலயத்துக்குள் நுழைந்ததும் சுவரைப் பாருங்கள். கி.மு. ஐந்தாம் நூற்றாண்டு அத்தீனா கோயிலின் டோரிக் தூண்கள் அப்படியே நிற்கின்றன, இடைவெளிகளை மட்டும் கல்வைத்து அடைத்துத் தேவாலயமாக்கியிருக்கிறார்கள். வெளியே பக்கத்துத் தெருவிலிருந்தும் தூண்களின் முதுகு தெரியும். முகப்பு மட்டும் 1693 நிலநடுக்கத்துக்குப் பிறகு எழுந்த பரோக் வேலை. மீன் சந்தை மதியத்தோடு முடிந்துவிடும்.

மூன்றாம் நாள்: மெசினா நீரிணை, லிபாரி, ஸ்ட்ரோம்போலி

விடியுமுன் மெசினா நீரிணை. மிகக் குறுகிய இடத்தில் மூன்று கிலோமீட்டரைச் சற்றுத் தாண்டும். இங்கே ஓதத்தின் ஏற்ற இறக்கம் ஒரு சாணுக்குள்தான், ஆனால் நீரோட்டம் பலமானது. இருபுறக் கடல்களின் ஓதம் எதிரெதிர் நேரத்தில் வருவதே காரணம்: அயோனியன் பக்கம் ஏறியிருக்கும்போது திர்ரேனியன் பக்கம் வடிந்திருக்கும். ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை ஓட்டம் திசை மாறும். ஹோமரின் காவியத்தில் வரும் கடல் அரக்கிகள் ஸ்கில்லாவும் கரிப்டிஸும் இங்கே பிறந்தவை. இன்றைய எஞ்சினுக்குச் சுழல்கள் பொருட்டல்ல. குறுக்கும் நெடுக்குமாக ஓடும் பாலமற்ற நீரிணையின் படகுகள்தான் மாலுமிகளுக்குக் கவலை.

லிபாரியில் கட்டுமிடம் இல்லை. நங்கூரமிட்டு, டெண்டர் படகில் கரை சேர வேண்டும். டெண்டர் என்பது ஐம்பது, அறுபது பேர் ஏறும் மூடிய படகு. படகும் மேடையும் ஒரே நேரத்தில் உயர்ந்து தாழாது. படகு உயரே வந்து ஒரு கணம் நிற்கும்போது காலை வைக்க வேண்டும். மாலுமியின் உள்ளங்கையைப் பிடிக்காதீர்கள். அவர் முழங்கையை ஒட்டிய கையை நீங்களும், உங்களுடையதை அவரும் பற்றிக்கொள்ளும் பிடி வழுக்காது. இரண்டு கையும் காலியாக இருக்கட்டும். போன் விழுவது இந்த இரண்டு நொடியில்தான்.

ஊர் நடுவில் பாறைமேல் கோட்டை, அதற்குள் தொல்லியல் அருங்காட்சியகம். எரிமலைக் கண்ணாடியான ஆப்சிடியன் இந்தத் தீவிலிருந்து புதிய கற்காலத்திலேயே கடல் தாண்டி விற்கப்பட்டது. ஆனால் கால் நிற்பது மூழ்கிய கப்பல்களிலிருந்து எடுத்த ஆம்போரா சாடிகளின் முன்னால், படியடுக்காக நூற்றுக்கணக்கில். மதுவும் எண்ணெயும் ஏற்றப் பயன்பட்ட கூர்முனைச் சாடிகள். இவற்றின் உறவுக்காரச் சாடிகள்தான் புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டில் உடைந்து கிடந்தன. சங்கப் பாடல்கள் பேசும் யவனரின் தேறல் இப்படிப்பட்ட சாடிகளில்தான் வந்திறங்கியது. கூர்முனை எதற்கென்றால், கப்பல் வயிற்றில் ஒரு வரிசைச் சாடிகளின் தோள் இடுக்கில் அடுத்த வரிசையின் முனையைச் செருகி அடுக்குவதற்கு.

இங்கே விற்கும் இனிப்பான மல்வாசியா மதுவின் பெயரை நினைவில் வையுங்கள். ஏழாம் நாள் அது வேலைக்கு வரும்.

இருட்டியதும் ஸ்ட்ரோம்போலி. 924 மீட்டர் உயரம், அடிவாரத்தில் சிறு ஊர். ஊர்ப் பக்கமிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. கப்பல் வடமேற்குச் சரிவுக்குச் சுற்றிவர வேண்டும். சியாரா தெல் ஃபுவோக்கோ எனும் கருஞ்சரிவு அது, தெறித்த கற்கள் கடலுக்கு உருளும் பாதை. எஞ்சினை மெதுவாக்கி, தள விளக்குகளை அணைத்துவிடுவார்கள். வெடிப்பு பத்து இருபது நிமிடத்துக்கு ஒருமுறை வரும்: சிவப்பு ஊற்று ஒன்று எழும், சில நொடிகளில் அடங்கும், ஒலி பின்னால் வரும். ஆடும் தளத்தில் முக்காலி பயனில்லை. கேமராவில் ஐஎஸ்ஓவை 3200க்கு மேல் ஏற்றி ஷட்டரை அரை நொடிக்குள் வையுங்கள். போன் வைத்திருப்போர் வீடியோவை ஓடவிட்டுக் காத்திருப்பதே மேல், வெடித்தபின் எடுத்தால் புகைதான் மிஞ்சும். வடமேற்கு அலை எழுந்தால் இந்தப் பக்கம் நிற்க முடியாது. அன்று இந்த நிறுத்தம் ரத்து, அதற்குப் பணம் திரும்பாது.

நான்காம் நாள்: கடல்

டெல்ஃபிக்கு இறங்கும் துறையான இத்தேயாவுக்கு இன்னும் ஒரு பகலும் ஓர் இரவும். ஸ்ட்ரோம்போலியிலிருந்து கணக்கிட்டால் 400 கடல் மைலுக்குச் சற்றுக் குறைவு, மணிக்கு 11, 12 கடல் மைல் வேகம். அகலக் குறைவின் கூலியை வாங்கும் நாள் இதுதான். பெரிய கப்பல் உணராத ஒன்றரை மீட்டர் அலையை இது உணரும். பக்கவாட்டு உருளலைக் குறைக்க அடிவயிற்றின் இருபுறமும் நீட்டும் துடுப்புச் சிறகுகள் உண்டு, அவை வேகத்தில் ஓடும்போதுதான் வேலை செய்யும். நங்கூரத்தில் நிற்கையில் கடலோடு கப்பலும் ஆடும். முன்னும் பின்னும் ஏறி இறங்கும் ஆட்டத்துக்கு அந்தச் சிறகுகளாலும் மருந்தில்லை.

ஆகவே கேபின் தேர்வில் கப்பலின் நடுப்பகுதி, கீழ்த்தளம். மேல்தள முன்பக்கக் கேபின் விலை அதிகம், ஆட்டமும் அதிகம். தலைசுற்றல் மாத்திரையை வாந்தி தொடங்கியபின் போட்டால் பயனில்லை, கடல் புரளும் என்று அறிவித்த உடனே, ஒரு மணி நேரம் முன்பாவது போட வேண்டும். நம் ஊர் அவோமின் போதும், தூக்கம் வரும். சர்க்கரை, ரத்த அழுத்தத்துக்கு மருந்து எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டு எடுத்துச் செல்லட்டும். வெறும் வயிறும் கெடுதல், நிறைந்த வயிறும் கெடுதல். உப்பு பிஸ்கட், தொடுவானத்தில் கண், மேல்தளத்துக் காற்று.

சாப்பாடு. சைவம் என்று பதிவு செய்யும்போதே, குறைந்தது ஒரு மாதம் முன், எழுத்தில் சொல்ல வேண்டும். ‘வெஜிடேரியன்’ என்றால் அவர்கள் கணக்கில் முட்டை உண்டு, சூப்பில் மீன் எலும்புச் சாறு வந்துவிடும், சாலட் குழம்பில் நெத்திலி கரைந்திருக்கும், பார்மெசான் சீஸில் கன்றுக்குட்டி வயிற்று நொதி இருக்கும். எது எது வேண்டாம் என்று ஒவ்வொன்றாக எழுதுங்கள். சிறு கப்பலின் நன்மை, சமையல் தலைவரை நேரில் பார்த்துப் பேசலாம். அரிசியும் பருப்பும் சரக்கறையில் இருக்கும். முந்தின நாளே சொன்னால் செய்து தருவார்கள். பூண்டு, மிளகாய் அவர்கள் கை கூசும் விஷயம். ஊறுகாயை நீங்களே கொண்டுபோங்கள், சீல் பிரிக்காத பாக்கெட்டாக.

போனை விமானப் பயன்முறையில் போடுங்கள். நடுக்கடலில் அது கப்பலின் சொந்த செல் வலையைப் பிடித்துக்கொண்டு, கரை ரோமிங்கில் அடங்காத கட்டணம் போடும். இரவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ள வேண்டும். இத்தாலி நேரமும் கிரேக்க நேரமும் ஒன்றல்ல. விமானப் பயன்முறையில் உள்ள போன் தானாக மாறாது, அதை நம்பி அலாரம் வைத்தவர்கள் டெல்ஃபிப் பேருந்தைத் தவறவிடுகிறார்கள். கேபின் தொலைபேசியில் எழுப்பச் சொல்லிவிடுங்கள்.

ஐந்தாம் நாள்: டெல்ஃபியும் கால்வாயும்

அதிகாலை 4 மணியளவில் ரியோ–அந்திரியோ பாலத்துக்கு அடியில் போகும் கப்பல். 2004இல் திறந்த, 2,880 மீட்டர் நீளமுள்ள கம்பிவடப் பாலம். விளக்கொளியில் நாலு தூண்கள் தாங்கும் பாலம் நேர்மேலே கடந்து போவதைப் பார்க்க எழுந்து உட்காரலாம், பிறகு தூங்கலாம்.

இத்தேயா சின்னத் துறை. இங்கிருந்து ஒலிவ மரங்கள் கடல்போல் அடர்ந்த சமவெளியைத் தாண்டி, அரைமணி நேர மலையேற்றம். டெல்ஃபியின் கோயில் வளாகம் சரிவில் நெளிந்து ஏறும் ஒற்றைப் பாதை. நுழைவிலிருந்து உச்சியிலுள்ள விளையாட்டரங்கு வரை நிதானமாக ஒரு மணி நேரம் ஏற வேண்டும். நூற்றாண்டுகளாகத் தேய்ந்த சலவைக்கல் வறண்டிருந்தாலே வழுக்கும், ரப்பர் அடிச் செருப்பு அவசியம். முதலில் மலை, பிறகு அருங்காட்சியகம். வழிகாட்டி மாற்றிச் செய்யச் சொன்னால் மறுத்துவிடுங்கள், பத்தரைக்கு மேல் சரிவில் நிழல் கிடையாது.

அப்பல்லோ கோயிலின் ஆறு தூண்களை எல்லோரும் படமெடுப்பார்கள். அதற்குக் கீழே தாங்கிநிற்கும் சுவரை யாரும் பார்ப்பதில்லை. ஒழுங்கற்ற பலகோணக் கற்களை இடைவெளியின்றிப் பொருத்திய சுவர், கற்களின் முகம் முழுக்கப் பொடி எழுத்து. நெருங்கிப் பார்த்தால் அவை அடிமைகளை விடுதலை செய்த பத்திரங்கள். தெய்வத்துக்கு ‘விற்பது’ என்ற சட்டக் கணக்கில் அடிமை விடுதலை பெற்றான். நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. இங்கே தெய்வவாக்கு சொன்ன ஆரக்கிளின் குறிகளைவிட இவை கைக்கு நெருக்கமானவை. அருங்காட்சியகத்தில் வெண்கலத் தேரோட்டியின் கண்ணிமை மயிரைப் பாருங்கள். தனித்தனி வெண்கலக் கீற்றுகள். சாலைக்குக் கீழே உள்ள வட்டக் கோயிலுக்கு வழக்கமான சுற்றுலாவில் நேரம் ஒதுக்குவதில்லை, முன்பே கேட்டுப் பேசி வைக்க வேண்டும்.

பிற்பகல் ஒன்றரைக்கு இத்தேயாவை விட்டால், நாற்பது கடல் மைல் தாண்டி ஐந்தரை மணி வாக்கில் கொரிந்த் கால்வாயின் மேற்கு வாய். இந்த நேரம் தற்செயலல்ல. வெயில் முதுகுப்பக்கம் சாய்ந்து வெட்டுக்குள் விழும் நேரம் இது.

கால்வாய் 6.4 கிலோமீட்டர் நீளம், நேர்கோடு. நீர்மட்டத்தில் அகலம் 24.6 மீட்டர், அடியில் 21, ஆழம் 8. சுவர்கள் உயர்ந்த இடத்தில் 79 மீட்டர். கடக்கலாம் என்று வைத்திருக்கும் வழக்கமான அகல வரம்பு 17.6 மீட்டர். நம் கப்பலுக்கு இருபுறமும் ஐந்து மீட்டருக்குக் குறைவாகத்தான் மிச்சம். 2019 அக்டோபரில் 22.5 மீட்டர் அகலமுள்ள பிரேமர் என்ற கப்பல் சிறப்பு அனுமதியோடு கடந்தது. பக்கத்துக்கு ஒரு மீட்டர்தான் இடம் இருந்தது.

நடைமுறை இப்படி. வாயில் காத்திருக்க வேண்டும். போக்குவரத்து ஒருவழி, எதிர்த்திசையிலிருந்து வருபவை முடிந்தபின் நம் முறை. கால்வாய்க்குள் வழிகாட்டும் மாலுமியான பைலட் ஏறுகிறார். முன்னால் இழுவைப் படகு கயிறு கட்டிக்கொள்கிறது. எஞ்சின் ஓடும்போதே எதற்கு இழுவை? கால்வாய்க்குள் நீரோட்டம் உண்டு, காற்றும் குழல்போல் புகும். சுவருக்கு நெருங்கிய பக்கம் நீர் வேகமாக ஓடி அழுத்தம் குறைந்து, கப்பலின் பின்பகுதியைச் சுவர்ப்பக்கம் இழுக்கும். மெதுவாகப் போகும் கப்பலுக்குச் சுக்கான் சரியாகக் கேட்காது. மூக்கைப் பிடித்து நேராக வைத்திருக்கத்தான் அந்தக் கயிறு. இரு முனைகளிலும் சாலைப் பாலம் மேலே எழாது, கீழே மூழ்கும். எட்டு மீட்டர் ஆழத்தில் படுத்துக்கொண்டு கப்பலை மேலே விட்டு, பிறகு தண்ணீர் சொட்டச் சொட்ட எழும். அதைப் பார்க்க நுழைவில் பின்தளத்தில் நிற்க வேண்டும், உடனே முன்தளத்துக்கு ஓட வேண்டும். முன்தளம் பத்து நிமிடம் முன்பே நிறைந்துவிடும்.

உள்ளே முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம். கல்லின் வாசனை, எஞ்சினின் எதிரொலி. சுவரில் பிளவுகள் கோணலாக ஓடுவது தெளிவாகத் தெரியும். அவைதான் இந்தக் கால்வாயின் தீராத நோய். நிலநடுக்கப் பகுதி, சரிவுகள் செங்குத்து, கப்பல்கள் எழுப்பும் அலை அடியை அரித்துக்கொண்டே இருக்கிறது. 1893இல் திறந்த நாளிலிருந்து சரிவுதான். 1923இல் சரிந்து இரண்டு ஆண்டு மூடிக் கிடந்தது. 1944இல் பின்வாங்கிய ஜெர்மானியர் சுவர்களை வெடிவைத்துச் சரித்துவிட்டுப் போனார்கள். 2021 ஜனவரியிலும் சரிந்து மூடியது. அதனால் பதிவு செய்யுமுன் ‘கால்வாய் மூடியிருந்தால் மாற்று என்ன’ என்று கேளுங்கள். ஒப்பந்தத்தில் ‘நிலைமை அனுமதித்தால்’ என்ற சொற்றொடர் கண்டிப்பாக இருக்கும். மூடியிருந்தால் கிரேக்கத்தின் தெற்குத் தீபகற்பமான பெலோபொனீசைச் சுற்றிப் போவார்கள், அடுத்த ஒரு துறை பலியாகும்.

கி.பி. 67இல் நீரோ இதை வெட்டத் தொடங்கி விட்டுவிட்டான். அதற்கும் ஆறேழு நூற்றாண்டு முன்பே கொரிந்தியர் வெட்டாமலேயே வேலையை முடித்திருந்தார்கள்: தியோல்கோஸ் எனும் கல் பாவிய தடம். கப்பலை வண்டியில் ஏற்றித் தரைவழி இழுத்தார்கள். மேற்கு வாயில் அதன் கற்கள் இப்போதும் தெரியும்.

ஆறாம் நாள்: நாஃப்பிலியோ

கிரேக்கம் விடுதலை பெற்றபின் முதல் தலைநகரம். சின்ன ஊர், வெனீசியர் கட்டிய மாடிவீடுகள், துறையிலேயே இறக்கம். இங்கிருந்து பழங்கால அரங்குள்ள எபிதாவ்ரோஸ் ஒரு திசை, வெண்கலக் காலக் கோட்டையான மைசீனே வேறு திசை. இரண்டையும் ஒரே நாளில் கூவி விற்பவர்கள் உண்டு. அப்படிப் போனால் எட்டு மணி நேரத்தில் பாதி பேருந்தில்தான். ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். கற்களைப் படிக்கப் பிடிக்குமென்றால் மைசீனே: சிங்க வாசல், அதற்கு வெளியே அத்ரியஸ் கருவூலம் எனும் தேன்கூட்டுக் கல்லறை, அதன் வாசல்மேல் ஏறத்தாழ 120 டன் எடையுள்ள ஒற்றைக் கல். அதை எப்படி ஏற்றினார்கள் என்பதே ஒரு காலை நேரத்துக்குப் போதும்.

எபிதாவ்ரோஸ் என்றால், வட்ட மேடையின் நடுவில் நாணயத்தைப் போட்டு ‘கடைசி வரிசையில் கேட்கிறது’ என்று வழிகாட்டி வித்தை காட்டுவார். 55 வரிசை. 2017இல் நெதர்லாந்தின் ஐந்தோவன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தார் கருவிகளை வைத்து அளந்தார்கள். நாணயமும் கிசுகிசுப்பும் கடைசி வரிசையில் தெளிவாகக் கேட்பதில்லை, உரத்த பேச்சு கேட்கும் என்பது அவர்கள் முடிவு. அரங்கு அற்புதமானதுதான், நாணயக் கதைதான் வேண்டாத ஒட்டு.

ஊர்மேல் பாலமிதி கோட்டை, 216 மீட்டர். 999 படிகள் என்று ஊரார் சொல்வார்கள். எண்ணியவர்கள் எவரும் 999 எண்ணியதில்லை. முழங்கால் வலி உள்ளவர்கள் டாக்ஸியில் ஏறிப் படியில் இறங்கலாம் என்று நினைப்பார்கள். மாற்றிச் செய்யுங்கள், முழங்காலை உடைப்பது இறக்கம்.

ஏழாம் நாள்: மொனெம்வாசியா

கரையிலிருந்து பார்த்தால் வெறும் பாறை. வீடே தெரியாது. ஊர் மறுபக்கம், சுவருக்குள். 375இல் ஒரு நிலநடுக்கம் இதைக் கரையிலிருந்து பிரித்தது. இப்போது குறுகிய தரைப்பாலம் ஒன்று மட்டும். பெயரே ‘ஒற்றை நுழைவு’. வாசலுக்குள் வண்டி நுழையாது, பெட்டியைக் கழுதையோ தோளோ சுமக்க வேண்டும்.

லிபாரியில் குடித்த மல்வாசியாவின் பெயர் இந்த ஊரின் இத்தாலிய உச்சரிப்பு. இடைக்காலத்தில் வெனீசியர் இங்கிருந்து ஏற்றிய இனிப்பு மது இந்தப் பெயரில் ஐரோப்பா முழுக்கப் போனது. பிறகு பெயர் மட்டும் தனியே பயணம் செய்து பல தீவுகளின் மதுவுக்கு ஒட்டிக்கொண்டது.

மேலூருக்கு வளைந்தேறும் கல்பாவிய பாதை, அரைமணி நேரம். உச்சியில் விளிம்போரம் 12ஆம் நூற்றாண்டு ஹகியா சோஃபியா. தடுப்புச் சுவரில்லாத இடங்கள் உண்டு, குழந்தைகளைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள். கவிஞர் யானிஸ் ரீட்ஸோஸ் 1909இல் பிறந்த ஊர் இது. வாசலை ஒட்டி அவர் வீடு, சுவருக்கு வெளியே கல்லறை.

இங்கும் டெண்டர்தான். கிழக்குக் காற்று எழுந்தால் நங்கூரமிடும் இடத்தில் ஒதுங்க மறைப்பில்லை. காலை அனுமதித்து மதியம் நிறுத்துவதும் உண்டு. கடைசி டெண்டரை நம்பாமல் அதற்கு முந்தியதில் திரும்புங்கள்.

கடல் அடங்கியிருந்தால் பிற்பகல் பின்பக்க மேடையை இறக்குவார்கள், கப்பலிலிருந்தே குதித்து நீந்தலாம். மேடை நீர்மட்டத்தோடு இருப்பதால் அரை மீட்டர் அலை வந்தாலே அது மேலும் கீழும் அறையும். அதனால் எட்டு நாளில் ஒருமுறை கிடைத்தாலே நல்லது. குதிக்குமுன் சொறிமீன் மிதக்கிறதா என்று மாலுமியிடம் கேளுங்கள். நங்கூரச் சங்கிலிப் பக்கம் போக வேண்டாம்.

இரவு கணக்கு வரும். விலைக்குள் அடங்கியது எது என்பதைப் பதிவின்போதே படித்திருந்தால் அதிர்ச்சி இருக்காது: கரைச் சுற்றுலா, மசாஜ், சலவை, சில கப்பல்களில் மதுவும் டிப்ஸும் தனி. தனியாகப் பயணிப்பவருக்கு இரண்டாவது படுக்கைக்கு என்று பாதியிலிருந்து முழுக்கட்டணம் வரை கூடுதலாகப் போடுவார்கள். பெட்டிகளை நள்ளிரவுக்குள் வாசலில் வைக்க வேண்டும். நாளை உடுத்துவதையும் மருந்தையும் சேர்த்துப் பூட்டிவிட்டு, ராத்தூக்க உடையோடு இறங்கியவர்கள் எல்லாக் கப்பலிலும் ஒருவராவது இருப்பார்.

எட்டாம் நாள்: பிரேயஸ்

காலை 6 மணிக்குக் கட்டும், ஒன்பதுக்குள் இறங்கிவிட வேண்டும். பாஸ்போர்ட்டைத் திரும்ப வாங்கியதும் அது உங்களுடையதுதானா என்று பிரித்துப் பாருங்கள். நண்பகலுக்கு முன் விமானம் போட வேண்டாம். துறைமுகத்திலிருந்து மெட்ரோவின் மூன்றாம் வழித்தடம் 2022 முதல் நேராக விமான நிலையம் போகிறது, ஏறத்தாழ ஒரு மணி நேரம். எல்லா ரயிலும் அதுவரை போகாது, முகப்புப் பலகையில் விமானப் படம் இருக்கிறதா என்று பார்த்து ஏறுங்கள். விமான நிலையத்துக்கு டிக்கெட் தனி, சாதாரண நகரச் சீட்டோடு போனால் அபராதம். மெட்ரோ நிலையம் கப்பல் வாசலில் இல்லை, பெட்டியோடு நடக்கத் தூரம். டாக்ஸிக்காரர் நகரக் கட்டணமா, விமான நிலையத்துக்கான நிலைக்கட்டணமா என்று ஏறுமுன் பேசிவிடுங்கள்.